ஏழாம் நாற்காலி

சான் ஃபெர்னாண்டோ, டயாலிசிஸ் பிரிவு.
செவ்வாய், வியாழன், சனி.
ஏழாம் நாற்காலி சுர்சதிக்கு.

இடக்கையை அசைக்கக் கூடாது, நான்கு மணி நேரம்.
பழகிய ஆசனம்தான்,
பிணமாய்க் கிடப்பது.
முன்பெல்லாம் பாயில் அதைத்தான் தவிர்ப்பாள்,
அடுப்பில் வேலை என்று.

தோலுக்கடியில் ரத்தம் இரையும்.
ஓங்காரம் என்றார் பண்டிதர்.
குளவி என்றாள் இவள்.

நாலு எண்ணி இழுக்கிறாள்,
ஆறு எண்ணி விடுகிறாள்.
ஐந்தில் இயந்திரம் அலறுகிறது.
மறுபடி ஒன்று.

எமன் வீட்டு வாசலில்
மூன்று இரவு பட்டினி கிடந்த பையனுக்கு
மூன்று வரம் கிடைத்ததாம்.
இவள் கணக்கில்
ஐந்நூறு பகல் தாண்டியாயிற்று.

வரம் வேண்டாம்.
ஒரு தம்ளர் தண்ணீர், முழுசாய்,
யாரும் அளக்காமல்.

பக்கத்து நாற்காலி க்ளைவ் கேட்கிறார்:
"அந்த எண்ணிக்கை எப்படி?"
"முதலில் நாலு" என்கிறாள்.