பொறுப்பாளர் கட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
என் ஓட்டு வேறொன்றுக்கு.

உலான்பாத்தரில் டிசம்பர்.
நிலக்கரிப் புகை அமைச்சகத்தின் கீழ்த்தளம்வரை
காலணி கழற்றாமல் வந்துவிடும்.
முந்நூற்றுச் சொச்சம் மருத்துவ நிலையங்கள்,
நாலாயிரம் கணினிகள்,
ஒரே ஒரு வெளிநாட்டுப் பெட்டியின் தயவில்
எக்ஸ்ரே அனுப்பிக்கொண்டிருந்தன.
பெட்டிக்காரன் தலைக்கு இவ்வளவென்று எண்ணுகிறவன்.
வருடக் கடைசி நள்ளிரவில் உரிமம் முடிகிறது.
புதுப்பிக்கும் தொகையைப் படித்த கணக்காளர்
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

மேசையில் மூன்று பழைய சர்வர்கள்.
மூன்றிலும் யாரோ எழுதி ஊருக்கு விட்ட நிரல்.

ஓப்பன்விபிஎன் நல்ல மனுஷன்.
எந்த வாசலிலும் நுழையும்,
எல்லாரிடமும் சான்றிதழ் கேட்டுச் சரிபார்க்கும்.
ஆனால் நாலாயிரத்தையும் ஏற்றியதும்
ஒற்றைக் காலில் நின்றது:
பதினாறு கோர்களில் ஒன்று வெந்துகொண்டிருக்க
மற்ற பதினைந்தும் அதில் குளிர்காய்ந்தன.

ஸ்ட்ராங்ஸ்வான் என் கட்சி.
மூன்று இரவு உட்கார்ந்து
அமைவுக் கோப்பைச் செதுக்கினேன்.
ஜவ்கான் பக்கத்து ரவுட்டர் ஒன்று
அதன் பொட்டலங்களைப் பார்த்ததும்
ஒரு வார்த்தை சொல்லாமல் கீழே போட்டது.
எல்லார் முன்னும் மூக்கறுபட்டேன்.

வயர்கார்டின் நாலாயிரம் வரியையும்
அச்சடித்து வைத்திருந்தாள் ஒத்கெரெல்.
டிராலிபஸ்ஸில் படித்தாளாம்.
ஓரங்களில் பென்சில் கேள்விகள்,
அறுபதாம் பக்கத்தில் ஆட்டுக் குழம்புக் கறை.
“இதற்கு ஆள் பெயர் தெரியாது,
சாவிதான் தெரியும்.
எந்தச் சாவி எந்தச் செவிலி என்பதை
நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.”
ஆக, இலவசம் இல்லை.
விலை எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள்.

அன்று மாலை
கோவ்த் மாகாணத்துக் கடைக்கோடியிலிருந்து காந்த்சுரேன்
ஒரு மேய்ப்பனின் உடைந்த காறையெலும்பை அனுப்பினாள்.
பாதிதான் வந்தது.
அங்கே ஜெனரேட்டர் நின்று
டிஷ் ஆண்டெனா செத்துப்போனது.
தேநீரில் உப்பு கூடியிருந்தது, யாரும் சொல்லவில்லை.
இரண்டு நிமிடம் போயிருக்கும்.
வேறொரு முகவரியிலிருந்து,
மன்னிப்புக் கேட்காமல்,
மீதி எலும்பு இறங்கியது.
சுரங்கம் அறுந்த சேதி
சுரங்கத்துக்கே எட்டவில்லை.

துணை இயக்குநர் பூரெவ்தோர்ஜ் படத்தைப் பார்க்கவில்லை.
“ராத்திரியில் இது படுத்துவிட்டால்
யார் மேல் வழக்குப் போடுவது?
யார் தலையில் விடியும்?”
நியாயமான கேள்வி.
பெட்டிக்காரன் மேல் இதுவரை
எத்தனை வழக்குப் போட்டோம் என்று
கேட்க வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஒத்கெரெல் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.
‘வழங்கும் நிறுவனம்’ என்ற கட்டத்தில்
தன் கைபேசி எண்ணை எழுதினாள்.
‘மாற்றுப் பொறுப்பாளர்’ என்ற கட்டத்தில்
என்னைக் கேளாமலே
என்னுடையதை.

யூடிபி நுழையாத பதினொரு ஊர்களுக்கு மட்டும்
அந்த நல்ல மனுஷனையே விட்டுவைத்தோம்.
அறிக்கையில் அதைச் சின்ன எழுத்தில் போட்டேன்.

ஜனவரி மூன்று.
வெளியே மைனஸ் நாற்பத்தொன்று.
அதிகாலை மூன்று மணிக்குக் கைபேசி.
காந்த்சுரேன்.
போர்வையோடு எழுந்து,
மடிக்கணினி திறந்து,
லாக் கோப்பில் கண் எரிய எரியத் தேடியபடி
சொல்லுங்கள் என்றேன்.

பிரிண்டரில்
தாள் மாட்டிக்கொண்டதாம்.

விடிய இன்னும் ஐந்தரை மணி நேரம்.