வெள்ளம்

குறும்பனையில் வந்திறங்கிய முதல் மதியம்
ஒரு சிறுமி ஓடிவந்து கேட்டாள்:
“அக்கா, வெள்ளம் வேணுமா?”

நான் கிள்ளானில் பிறந்தவள்.
எங்கள் ஊரில் அந்தச் சொல்
டிசம்பரில், இரவு இரண்டு மணிக்கு,
சமையலறைக் கதவுக்கு அடியில் நுழையும்.
அரிசி டின்னை மிதக்கவிடும்.
காரை மேட்டில் நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போன அண்ணனை
மூன்றாம் நாள் வேறொரு தெருவில்
சேற்று நிறத்தில் திருப்பித் தரும்.

வேண்டாம் என்றேன்.
அவள் சொம்பை நீட்டியபடியே நின்றாள்.
கிணற்று நீர். லேசாக உப்பு.
குடிக்கிற தண்ணீருக்கு இங்கே அதுதான் பெயராம்.

மூன்று மாத விசா. சம்பளமில்லாத வேலை.
காலையில் பதினேழு தலைகளுக்குப் பேன் சீப்பு.
மாலையில் ஏழாம் வாய்ப்பாடு,
அது ஏழேழு நாற்பத்தொன்பதில் தினமும் நின்றுவிடும்.
ஞாயிறென்றால் சாளை கழுவ வேண்டும், மரச்சீனி உரிக்க வேண்டும்.
“பசியாறியாச்சா?” என்று நான் கேட்டால்
ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரிப்பார்கள்.
மெர்ஜின் அதை நடித்தே காட்டுவாள்,
நான் இடுப்பில் கைவைக்கும் விதம் உட்பட.

எதற்கு வந்தாய் என்று சிஸ்டர் ரெஜினாள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சேவை என்றிருப்பேன்.
பொய்.
அண்ணன் அறையைக் காலிசெய்யச் சொன்னாள் அம்மா.
அதைச் செய்யாமலிருக்க
ஒரு விமானச் சீட்டு வாங்கினேன்.

பத்துமலைக்குப் பதினோரு வருடம் காவடி எடுத்தவன்.
அந்தத் தோள் தழும்பை வைத்துத்தான்
பிணவறையில் அடையாளம் சொன்னேன்.
அன்றோடு என் நெற்றியில் திருநீறு இல்லை.
பதினாறாம் நாள்
அவனுக்கென்று ஒரு சொம்பு தண்ணீர் வை என்றார்கள்.
தண்ணீரா?
அவனுக்கா?
கவிழ்த்துவிட்டு எழுந்துபோனேன்.

இங்கே மாலையில் ஜெபமாலை உருளும்.
கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டு
பிள்ளைகளின் பிடரிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஷிஜினுக்கு எட்டு வயது.
அவன் அப்பாவின் விசைப்படகு
புயலுக்கு முந்தின நாள் போனது.
பலகைகூடத் திரும்பவில்லை.
தினமும் படுக்கப்போகுமுன்
கடல் பார்த்த ஜன்னலில்
ஒரு பாட்டில் நிறைய வெள்ளம் வைப்பான்.
விடிந்ததும் அதை முருங்கைக் கன்றுக்கு ஊற்றுவான்.
ஒரு நாளும் தவறியதில்லை, காய்ச்சலிலும்.

பாவம் பிள்ளை, யாராவது சொல்ல வேண்டாமா என்று
ஒரு ராத்திரி நானே பக்கத்தில் உட்கார்ந்து
வார்த்தை தேடினேன்.
அவன் முந்திக்கொண்டான்:
“வரமாட்டாருண்ணு எனக்குத் தெரியும்க்கா.”
மூடியை இறுக்கித் திருகினான்.
“ஆனா கடல்ல பூரா உப்பில்லா.
தாகம் எடுக்குமில்லா.”

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று.
அலை மட்டும் தடுப்புக் கல்லில் மோதிக்கொண்டிருந்தது,
எப்போதும்போல, யாரையும் கேட்காமல்.

மறுநாள் எல்லோரும் உறங்கியபின்
ஒரு தம்ளரை நிறைத்து
அந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
கும்பிட்டாயா என்று கேட்டால் தெரியாது.
கை ஈரமாக இருந்தது.
துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.
கட்டிலில் விழுந்தது நினைவிருக்கிறது,
அதன்பின் மணியடித்துத்தான் விழித்தேன்.
ஒரு வருடத்தில் முதல் உறக்கம்.

தம்ளர் காலியாக உருண்டு கிடந்தது.
பூனை என்றார் சிஸ்டர்.
காற்று என்றாள் மெர்ஜின்.
ஷிஜின் குனிந்து எடுத்து
அதன் அளவைப் பார்த்தான், பிறகு என்னை.
“உங்காளு பெரியாளாக்கா?”

ஆமாம், ஆறடி என்றேன்.

“அப்பம் இது பத்தாது.
சொம்பு வையிங்க.”

விசா முடிய ஒன்பது நாள் இருந்தது.
கிணற்றடிக்குப் போனேன்.