பன்னிரண்டில் ஒன்று

பதுறுதீன் நானா பென்டிரைவைத் தந்து சொன்னார்:
"கடல மட்டும் மினுக்கு தங்கச்சி.
போட்டத் தொட்டுடாத."

இலவசத் தளம்தான். படத்தை ஏற்றினால்
ஒரு வட்டம் சுற்றும், சுற்றும்,
திருகோணமலை பஸ் நிலையத்து மான்
ஒரு பழத்தோலை மென்று முடித்து
அடுத்ததைத் தேடும்வரை.

இதயம் வேண்டாம். பனி வேண்டாம்.
ரோஜா இதழ் கொட்டும் வகை
கலியாண வீட்டாருக்கு.
வெள்ளி மணல் என்று ஒன்றிருந்தது, எடுத்தேன்.

மவுஸால் கடலைப் பூசுவது
மூச்சடக்கிச் செய்கிற வேலை.
அணியத்தின் ஓரம் திரும்பும்போது கை வழுக்கி
ஒரு பொட்டு
அவருடைய முன்பல்லில் விழுந்தது.
அழிக்கப் போனேன்.
"இருக்கட்டும். இஞ்சின் கடன் முடிஞ்ச அண்டு எடுத்த படம்."

கீழ் மூலையில் தளத்தின் பெயர்.
காசு கட்டினால்தான் போகும்.
படகின் பதிவு எண்ணுக்குப் பக்கத்தில்
அதுவும் ஓர் எண்போலக் கிடந்தது.

பன்னிரண்டு படங்கள் மாறி மாறி
ஒரு கடலாகத் துடித்தன.
"அப்படியே அச்சடிச்சுத் தா.
கிண்ணியா வாடியில ஒட்டணும்."

காகிதத்தில் ஒன்றுதான் வரும் நானா,
ஏழாவதோ எட்டாவதோ.
சொன்னேன். கேட்கவில்லை.

மை காயாத தாளை வாசலுக்குக் கொண்டுபோய்
வெயிலுக்கு இப்படிச் சரித்தார், அப்படிச் சரித்தார்.
செதில் சீவிய பலகையில்போல
வெள்ளைப் புள்ளிகள்
இருந்த இடத்திலேயே இருந்தன.

காசை வைத்துவிட்டு, சரித்துக்கொண்டே நடந்தார்.
பஸ் ஹோர்ன் அடித்தது. நின்றார்.
தாளை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார்.
இங்கிருந்து பார்க்க,
நாக்கால் முன்பல்லை
ஒருமுறை தடவிப் பார்த்ததுபோல் இருந்தது.