லாட் ஏழு கட்

பர்வேஸ் பாய் அனுப்பிய செய்தியில்
மூன்றே சொல்:
லாட் ஏழு கட்.
சயான் ஸ்டேஷன் படியில்
குடை பிடித்த கையாலேயே திறந்து படித்தேன்.
சரி என்று கட்டை விரல் ஒன்றை
அனுப்பியும் வைத்தேன்.

நான் கட்டிங் மாஸ்டர்.
வேறெந்த அர்த்தத்தில் படிப்பேன்?

நீலக் கோடு போட்ட பருத்தி,
அறுபது அடுக்கு,
ஐந்து சைஸ்.
மழை ஈரத்தில் துணி லேசாய் உப்பியிருந்தது,
உள்ளங்கையால் நீவி நீவிப் படியவைத்து
சாக்குக் கட்டியால் கோடிழுத்து
மெஷினை இறக்கினேன்.
மதியச் சோற்றுக்குள்
முந்நூறு சட்டை முந்நூறு முதுகாக,
அறுநூறு கையாக,
எண்ணி முடியாத காலராக
மேசையில் கிடந்தது.

பாய் வந்தார்.
வாசலிலேயே நின்றுவிட்டார்.
செருப்பைக் கழற்றவில்லை.
"தங்கப்பழம், பார்ட்டி ஆர்டரை ரத்து பண்ணிட்டான்.
கட்னு போட்டேனே, கட்!"
கழுத்துக்குக் குறுக்கே
கையை இழுத்துக் காட்டினார்.
அந்தக் கையை அனுப்பியிருக்கலாம்,
கட்டை விரலுக்குப் பதிலாக.

இருவருக்கும் கட்டிங் சாய் வந்தது.
பாதிக் கிளாஸ், முழுச் சூடு.
குடித்துக்கொண்டே சொன்னார்,
துணிக்காசு வாரம் கொஞ்சமாய்
என் கூலியில் கட்.
இந்தத் தடவை எனக்குச் சந்தேகமே வரவில்லை.

முத்துக்கனிக்குப் போன் போட்டேன்.
பாதியில் கட்.
கரண்டும் கட்.
தாராவி முழுக்க மெஷின்கள் வாய்மூடின,
மழை மட்டும் தகரத்தில்
ஓவர்டைம் பார்த்தது.

இருட்டில் உட்கார்ந்து யோசித்தேன்.
என் வீட்டுக்காரி மீனை அறுப்பாள்,
வெங்காயத்தை நறுக்குவாள்,
மாங்காயைக் கீறுவாள்,
பிள்ளையின் நகத்தை வெட்டுவாள்,
நான் வாயைத் திறந்தால் பேச்சை முறிப்பாள்.
கீரையை அரிவாள்.
அந்த வாக்கியத்திலேயே ஒரு கத்தி இருக்கிறது பாருங்கள்.
ஒவ்வொன்றுக்கும் தனி வினை, தனிக் கூர்.
இங்கிலீஷ்காரன் எல்லாவற்றுக்கும்
ஒரே கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான்,
துடைக்கக்கூட இல்லை.

பக்கத்து அறையில் டியூஷன்.
பிளைவுட் சுவருக்கு அந்தப் பக்கம்
பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு கத்துகிறார்கள்:
கோ, வென்ட், கான்.
ஈட், ஏட், ஈட்டன்.
கட், கட், கட்.

நேற்றும் கட்.
இன்றும் கட்.
வெட்டினேனா, வெட்டுகிறேனா,
வெட்டு என்று எவனாவது சொன்னானா,
அல்லது தானாக வெட்டுப்பட்டுக் கிடக்கிறதா,
ஒரு விகுதி இருந்தால் போதும்,
முந்நூறு சட்டை பிழைத்திருக்கும்.

ஆறு மணிக்கு முத்துக்கனி வந்தாள்,
முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு,
போன் அறுந்த கோபத்தோடு.
மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
செய்தியைக் காட்டச் சொன்னாள்.
எழுத்துக் கூட்டிப் படித்தாள்:
சி, யு, டி.
"கட்டு.
கட்டுன்னுதானே போட்டிருக்கான்?
கட்டி வைக்க வேண்டியதுதானே."

மூன்றாவது அர்த்தம்.
பாய்க்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கயிற்றுண்டையை எடுத்தாள்.
முதுகோடு முதுகு, கையோடு கை,
இருபத்தைந்துக்கு ஒரு கட்டு.
சைஸ் சீட்டைச் செருகி
முடிச்சைப் பல்லால் இறுக்கினாள்.
நாற்பத்திரண்டில் ஒரு காலர் குறைகிறது என்று
என் காலடியில் குனிந்து தேடி எடுத்தாள்,
சேறு பட்டிருந்தது.
என்றைக்காவது எவனாவது கேட்பான்,
கேட்காவிட்டால் தலையணைக்கு ஆகும் என்றாள்.

பரண் நிறைந்தது.
கரண்ட் வந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம்
அடுத்த வினைக்குப் போயிருந்தார்கள்:
புட், புட், புட்.

இதற்கும் எத்தனை அர்த்தமோ.
இனிமேல் பாயிடமிருந்து எது வந்தாலும்
முதலில் இவளிடம் காட்ட வேண்டும்.