ஏழு வசனங்கள்

அந்தப் படத்தில் தமிழ்ப் பெடியனுக்கு
ஏழே ஏழு வசனங்கள்.
அவற்றைத் திருத்தத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்,
கிருலப்பனையில் பழைய அச்சகமொன்றின் மேல்மாடிக்கு.
நாட்சம்பளம், மத்தியானச் சோறு, பஸ் காசு.

கதையில் ஓர் அறை.
ஆட்களைத் 'திருத்துகிற' அறை.
உள்ளே நாலு பேர்:
சிங்களவன், முஸ்லிம், பறங்கி, தமிழன்.
தபால் முத்திரை ஒட்டிய மாதிரி
ஆளுக்கொரு கதிரை.
"ஒருத்தரையும் விடவில்லை, பாருங்கள்"
என்றாள் இயக்குநர் சசினி. நல்ல மனுசி.
உண்மைதான்,
அந்த அறையும் ஒருத்தரையும் விடவில்லை.

தமிழனாக நடித்தவன் ரொஷேன், நீர்கொழும்பான்.
தொலைக்காட்சித் தொடர்களில் பொறுக்கிய தமிழ்.
"என்னை விட்டுடுங்க சார், ப்ளீஸ்" என்று
கோடம்பாக்கத்து அழுகை அழுதான்.
விட்டுடுங்க இல்லையடா, விடுங்கோ.
சார் இல்லை, சேர்.
மூன்று தரம் சொல்லிப் பார்த்தான்.
உச்சரிப்பு சரியாகச் சரியாக
வசனம் பொய்யாகிக்கொண்டே போனது.

நான் அப்படிச் சொன்னதே இல்லை.

கொட்டாஞ்சேனை. மருந்துக்கடைக்கு மேல்.
பத்தொன்பது வயது, பதினொரு சனிக்கிழமைகள்.
படத்தில் வருகிற வயர் இல்லை,
கட்டில் இல்லை, தோல்வார் இல்லை.
இடது மணிக்கட்டில் ஓர் இறப்பர் வளையம்.
சோற்றுப் பார்சலுக்குப் போடுவார்களே, அந்தச் சிவப்பு.
அந்த நினைப்பு வரும்போதெல்லாம்
நானே இழுத்து, நானே விடவேணும்.
நான் கெட்டிக்காரன்.
எத்தனை தரம் என்று கொப்பியில் கோடு கீறி,
ஐந்தைந்தாய்க் கட்டி, கூட்டி எழுதிக் கொண்டுபோவேன்.
"முன்னேற்றம்" என்பார் அவர்.

அப்பா செட்டியார் தெரு நகைக்கடையில் கணக்கர்.
ஆயிரத்து ஐந்நூறை எண்ணி,
திரும்பவும் எண்ணிக் கொடுத்து,
பற்றுச்சீட்டை நாலாய் மடித்து
சட்டைப்பையில் வைப்பார்.
வரும் வழியில் எனக்கொரு பலூடா.
தனக்கு வேண்டாம், சீனி என்பார்.
நான் குடித்து முடியுமட்டும்
கிளாஸையே பார்த்துக்கொண்டிருப்பார்.

படத்தில் தகப்பன் பெல்ட்டை உருவுகிறான்.
பலூடாவுக்கு அதில் இடமில்லை.

சாப்பாட்டு நேரம்.
இருபது பார்சல்கள் பிரிபட,
நிலமெல்லாம் சிவப்பு வளையங்கள்.
ரொஷேனைத் தனியே கூப்பிட்டேன்.
அழாதே, என்றேன்.
எழும்பு. கதிரையை மேசைக்குள் தள்ளிவை.
கதவடியில் நின்று
மரியாதையாகக் கேள்:
"அடுத்த சனி எத்தனை மணிக்கு வரோணும், சேர்?"

கேட்டான். ஒரே டேக்.
"குரல் நடுங்கவே இல்லையே, நல்லாயிருக்கு.
இப்ப என்ன சொன்னான்?" என்றாள் சசினி.
அதேதான், என்றேன்.

பம்பலப்பிட்டியில் முதல் காட்சி.
தமிழன் கதவடியில் நின்று கேட்க,
கீழே வெள்ளை எழுத்தில்
சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓடியது:
என்னை விட்டுவிடுங்கள்.
முன்வரிசையில் மூக்குறிஞ்சினார்கள்.
பின்னால் எங்கோ ஒரே ஒரு ஆள் சிரித்தான்,
தும்மலை விழுங்கின மாதிரி.

முடிய, மேடையில் ஆளுக்கொரு பூங்கொத்து.
தமிழுக்கு நான்.

வெளியே மழை.
காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ்கள்
ஒன்றையொன்று முந்திக்கொண்டு.
தரிப்பிடத்தில் ஒதுங்கி நின்ற ஒருவன்,
நாற்பது வயதிருக்கும், ஹெல்மெட் கழற்றவில்லை,
என்னைப் பாராமல் றோட்டைப் பார்த்துச் சொன்னான்:
"அந்த மருந்துக்கடை இப்ப போன் கடை."

பூங்கொத்தில் இருந்து தண்ணீர்
என் சப்பாத்தில் சொட்டியது.
ஒரு பஸ் நின்றது. போனது.

"நீங்கள் சனியோ?" என்றான்.
"நான் புதன்."