நஜ்ஜார்

அட்டையில் அப்படித்தான் இருக்கிறது.
அரபியில் நஜ்ஜார், அடியில் இங்கிலீஷில் கார்பெண்டர்.
டிரம்மருக்கு விசா கிடையாது என்றார் கஃபீல்.
கையில் இருந்தது தச்சர் இரண்டு, வெல்டர் ஒன்று.
"நீயும் மரத்தை அடிக்கிறவன்தானே" என்று சிரித்து
என் பாஸ்போர்ட்டை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்.

தொண்ணூற்று இரண்டு. மனாமா, ஹூரா பக்கம்.
ஓட்டல் மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத லவுஞ்ச்.
பியானோவில் கோவாக்காரன் அக்னேலோ,
டபுள் பாஸில் நீர்கொழும்பு ரொஷாந்த்,
மைக்கில் செபுவிலிருந்து வந்த மரிலூ.
ஒன்பதரை முதல் இரண்டு வரை நான்கு செட்.
நடுவில் பருப்பும் குபூசும்,
சமையற்கட்டுப் பின்வாசலில் நின்றபடி.

ஜாஸ் கேட்க யாரும் வருவதில்லை.
வியாழக்கிழமை பாலம் தாண்டி வருகிறவர்கள்
கோப்பைக்கு வருகிறார்கள், ஏசிக்கு வருகிறார்கள்.
நான் அவர்கள் பேச்சுக்கு அடியில் விரிக்கிற துணி.
ரைடு சிம்பலில் டிங், டிங்-க டிங்,
இடது காலில் இரண்டாம் தட்டு, நான்காம் தட்டு.
மிதிக்க மிதிக்க ஹை-ஹாட் முன்னால் நழுவும்,
ராத்திரிக்கு ஒரு சாண்.
செங்கல் வைத்துப் பார்த்தாயிற்று, செருப்பு வைத்தும்.

கோலாரில் சுரங்கத்துக்குள் வெடி வைக்கும் நேரம்
எங்கள் கட்டில் ஒரே ஒரு தரம் அதிரும்.
அப்பா கீழே இருந்தால் அம்மா எண்ணிக்கொண்டே இருப்பாள்.
பாஸ் டிரம் எனக்கு அங்கே வந்தது.
அடித்த பிறகு காத்திருப்பதும்.

ரமலானில் மேடைக்குத் துணி போர்த்திவிடுவார்கள்.
முப்பது நாள் இசை இல்லை, சம்பளமும் இல்லை.
எட்டுப் பேர் அறையில் தலையணை மேல் பயிற்சி.
நோன்பு திறந்துவிட்டு வரும் மேல்கட்டில் ஜமாலுதீன்
"என்னண்ணே, பஞ்சு அடிக்கிறீங்களா?" என்பான்.
அதற்கும் விசா இருக்கும், கேட்டுப் பார்க்கலாம்.

பெனினா கல்லூரிப் படிவத்தோடு போன் பண்ணினாள்.
தகப்பன் தொழில் என்று ஒரு கட்டம்.
"காகிதமெல்லாம் ஒத்துப் போகணும்ப்பா."
எழுதிக்கொள் என்று
எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.
அந்த லீவில் எதிர்வீட்டு ரெஜினா அக்கா
உடைந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.
இரண்டு நாள் மல்லுக்கட்டினேன்.
இப்போதும் ஒரு கால் கொஞ்சம் தாமதமாகத்தான் தரையைத் தொடும்.
ஸ்விங் என்றால் அதுதான். அவருக்கு யார் சொல்வது.

ரெய்டு வந்தது ஒரு புதன்கிழமை, மூன்றாவது செட்டில்.
பார் விளக்கு இருமுறை அணைந்து எரிந்தது.
குச்சிகளை பனியனுக்குள் செருகினேன்.
இதற்கென்றே வாங்கிய சுத்தி, பதினோரு வருடம்,
விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.
மெதுப் பாட்டு. மரிலூ நிறுத்தவில்லை.
ஹை-ஹாட்டுக்கு முன்னால் மண்டியிட்டுப்
பலகையில் ஆணி வைத்தேன்.
ஒன்றை விட்டு, இரண்டில்.
மூன்றை விட்டு, நான்கில்.
ரொஷாந்த் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள் குலுங்கியது.
அக்னேலோ என் ஆணிக்கு இடம் விட்டு வாசித்தான்,
என் டிரம்முக்கு ஒரு நாளும் விடாத இடம்.

அதிகாரி மீசை சரியாக முளைக்காத பையன்.
அட்டையைப் பார்த்தான், சுத்தியைப் பார்த்தான்,
ஆளில்லாத ஸ்டூலைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
"பாட்டு முடியட்டும்" என்றான்,
"அதுவரை சத்தம் போடாதே."

ஆணி அரைவிரல் வெளியே நின்றுவிட்டது.
அப்படியே விட்டேன்.
மறுநாள் அதில் ஸ்டாண்டை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தேன்.
அன்றிலிருந்து நழுவுவதில்லை.

பஹ்ரைனில் நான் செய்த தச்சு வேலை
மொத்தம் ஒரு ஆணி.
அதுவும் பாதி.