நிலை அறிக்கை

ஹப்புத்தளை பங்களாவில்
பூஞ்சணம் பிடித்த துரையை
முதலில் கெடுத்தது நான்தான்.
"கன்னத்தைக் கொஞ்சம் சரிபண்ணு" என்றார்
மெனேஜர் நவரத்ன.
எண்ணெய் வண்ணம் குழைத்து அப்பினேன்.
மூவாயிரம் தந்தார்.
அடுத்த மழை ஓயுமுன்
நான் தீட்டிய கன்னம் மட்டும் கறுத்துப்போனது.

அதை எடுக்கத்தான் இந்த வேலையைக் கற்றேன்.
நான்கு வருடம்,
கொழும்பில், ஜன்னலில்லாத ஓர் அறை.

இப்போது அதே சுவர்.
குச்சியில் பஞ்சு சுற்றி
நாக்கில் தொட்டு உருட்டுகிறேன்.
எச்சிலைப்போல் சாதுவான கரைப்பான் கிடையாது.
எவர் எவரோ ஊதிய சுருட்டுப்புகை
சாயத்தண்ணி நிறத்தில்
பஞ்சுக்கு வருகிறது.
தொப்பிக்குப் பின்னால் மஞ்சள் விலக விலக
ஒரு மலை.
மலையில் ஏழு பேர்.
கூடை இருக்கிறது,
முகம் இல்லை.
ஏழு பழுப்புத் தீற்றல்.

மூன்று மயிர்த் தூரிகை போதும்.
மாரியாயி அத்தையின் மூக்குத்தியை
ஒரே புள்ளியில் வைத்துவிடுவேன்.
தோய்த்த தூரிகையோடு கை
அங்கேயே நின்றது,
பனிமூட்டம் ஜன்னலைக் கடந்து போகும்வரை.

கழுவி வைத்தேன்.
அறிக்கையில் எழுதினேன்:
இடது மேல்மூலை, உருவங்கள் ஏழு.
முகங்கள் உதிர்ந்தவை அல்ல,
வரையப்படாதவை.

சேதம் என்ற கட்டம்
இன்னும் காலி.